மகனுக்கென்று வாங்கியது

ஜனவரி 11, சனி

இன்று சுவீடனுக்குப் போய் வந்தோம். இறைச்சி, சீஸ், சாருகாவுக்குச் சப்பாத்து. அங்கே மலிவு, எல்லை தாண்டி எல்லாரும் போவதுபோலத்தான். தகப்பனும் மகளும் சப்பாத்துக் கடைக்குள் நுழைந்ததும், "ரொய்லெற்றுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு மேல்மாடியில் மின்சிகரெட் விற்கிற வேப் கடைக்குப் போனேன்.

இதுவரை பாவித்ததெல்லாம் தீர்ந்ததும் எறிகிறவை. கலர் கலராக, விளையாட்டுச் சாமான் மாதிரி. ஒவ்வொன்றையும் எறியும்போது இதுதான் கடைசி என்று சொல்லிக்கொள்வேன். போன கிழமை ஒன்று கைப்பைக்குள் ஒழுகி, பஸ் அட்டைகூட மாம்பழம் மணத்தது. இன்னொன்று வேலைக்கு நடுவில் செத்துப்போனது. அன்று முழுக்க நான் ஆரோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. அதுதான் நல்லதொன்றாக வாங்குவம் என்று...

தாடிக்காரக் கடைக்காரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உலோக உடம்பு, விழுந்தாலும் உடையாது. பற்றரி மாற்றலாம். திரவம் தீர்ந்தால் நிரப்பலாம். புகையும் நல்ல தடிப்பாக வருமாம். "வருசக்கணக்காகப் பாவிக்கலாம்," என்றார். பெட்டியில் போடும்போது கேட்டார்: "மகனுக்கா?"

"ஓம்," என்றேன்.

எனக்கு மகன் இல்லை.

காரில் வரும்போது அந்த 'வருசக்கணக்காக' மட்டும் காதுக்குள் நின்றது. எறிகிற சாமானை வாங்குகிறவள் நாளைக்கு விட்டுவிடுவாள் என்று நம்பலாம். இதை வாங்கினவளை?

ஜனவரி 14

கையில் பாரமாக இருக்கிறது. அது பிடித்திருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இவர் முந்திச் சிகரெட் பிடித்தவர். சாருகா வயிற்றில் வந்ததும் நான் ஒரே பிடியாக நின்று விடப்பண்ணினேன். அந்தப் பனிக்குள் பல்கணியில் நிற்பார், நான் உள்ளே கதவைப் பூட்டிவிடுவேன். இன்றைக்கும் விருந்து வீடுகளில், "உதயகுமாரியாலைதான் நான் விட்டனான்" என்று பெருமையாகச் சொல்வார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

ஜனவரி 20, திங்கள்

பூமணி அக்காவின் மகள் டிலக்சி நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விக்காராக வேலை செய்கிறாள். ஆள் குறைந்த நாட்களில் கூப்பிட்டால் வரும் வேலை. ஹவுகன்ஸ்டுவாவில் எங்களுக்கு அடுத்த கட்டடம்தான் அவர்களுடையது. நான்தான் பொறுப்பாளர் பெந்தெயிடம் சொல்லி அவளுக்கு வேலை எடுத்துவிட்டேன்.

இன்று ஓய்வறையில் குனிந்தபோது அவளுடைய சட்டைப் பையிலிருந்து ஒரு ரோஸ் நிற வேப் விழுந்து உருண்டது. எல்லாரும் பார்த்தார்கள். பெந்தெ எடுத்துக் கொடுத்து, "கட்டடத்துக்குள் இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை சிவந்துபோனாள்.

பிறகு உடுப்பு மாற்றும் இடத்தில் நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "பிள்ளை, உந்தப் பழக்கத்தை விடு. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?" என்றேன்.

"ஓம் அன்ரி. சொல்லிப்போடாதேங்கோ," என்றாள்.

என்னுடையது எனக்குப் பின்னால், என் அலுமாரிக்குள் இருந்தது.

பெப்ரவரி 4, செவ்வாய்

எழுதிப்போட்டுப் படுக்கிறன்.

வெளியில் கடுங்குளிர். புகைக்க வேண்டுமென்றால் படலை தாண்டிப் போகவேணும். ஜாக்கெற், சப்பாத்து எல்லாம் மாட்டிப் போய்வர இடைவேளை முடிந்துவிடும். அதனால் இவ்வளவு நாளும் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் இரண்டு இழுவை இழுத்துவிட்டு வருவேன். பழையதில் கொஞ்சமாகத்தான் புகை வரும், உடனே கலைந்துவிடும். வேலைக்கென்று வைத்திருந்த பழையது தீர்ந்துபோக, புதியதை இன்றைக்குத்தான் அங்கே முதன்முதல் வாயில் வைத்தேன். ஒரே இழுவை. வெள்ளையாக, கட்டியாக மேலே போனது. கையால் விசுக்கினேன். கூரையில் புகையைக் கண்டுபிடிக்கிற அந்தச் சின்ன வட்டம் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அலாரம் அடித்தது.

நெருப்புக் கதவுகள் எல்லாம் தானாக மூடின. நான் வெளியே ஓடிவந்தேன். ஆர்னெ பிடித்து நடக்கிற தள்ளுவண்டியை விட்டுவிட்டுத் தன் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். மறதி நோய்க்காரர், எண்பதைத் தாண்டியவர். அந்தச் சத்தத்தில் குழந்தைபோலக் காதைப் பொத்தியிருந்தார். காதைப் பொத்தினால் சுவரைப் பிடிக்க முடியாதே. நான் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தார். வலது மணிக்கட்டு.

தீயணைப்புக்காரர் வந்து பார்த்தார்கள். நெருப்பில்லை. விரிப்பறைக்குள் இனிப்பு வாசம் மட்டும். "ஆரோ வேப் குடித்திருக்கிறார்கள்," என்று ஒருவர் சொன்னார். அப்போது ஆர்னெயை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவருடைய மற்றக் கையைப் பிடித்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம்.

பெப்ரவரி 5

பெந்தெ எல்லாரையும் கூட்டிக் கேட்டாள். பிறகு ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"நீ பக்கத்தில் நின்றாய். ஆரையும் கண்டாயா?"

"இல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாமே. ஏன் நிறுத்தேல்லை?

"டிலக்சி அப்ப இடைவேளையில எண்டு நினைக்கிறன்," என்றேன்.

பொய் இல்லை. அவள் இடைவேளையில்தான் இருந்தாள். அந்த உண்மையை நான் ஏன் அந்த நேரம் எடுத்து வைச்சனான் எண்டு எனக்குத் தெரியும். பெந்தெ தலையாட்டிக்கொண்டு ஏதோ யோசித்தாள்.

பின்னேரம் டிலக்சியைக் கூப்பிட்டாள். நான் அடுத்த அறையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அழுவது சுவரால் கேட்டது. மாத்திரைகளைத் திரும்பவும் முதலில் இருந்து பிரித்தேன்.

பெப்ரவரி 9

டிலக்சியை வேலைக்குக் கூப்பிடவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

ஆர்னெக்கு வலது கையில் கட்டு. இடது கையால் கரண்டி பிடிக்கத் தெரியாது. நான்தான் தீத்துகிறேன். கிழங்கை மசித்துக் குழம்பு விட்டு, ஊதி ஊதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் "தக்" என்கிறார். ஒரு வாய்க்குக்கூட அந்த நன்றி தவறவில்லை. கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். விழுந்தீர்கள் என்றேன். "ஐயோ, உங்களுக்கு எவ்வளவு கரைச்சல்," என்றார்.

தட்டைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு படலைக்கு வெளியே போய் இழுத்தேன். அதையும் எழுதத்தான் வேணும். அன்றைக்குப் பிறகும் நான் விடவில்லை.

மார்ச் 1

சாப்பாட்டு மேசையில் இவர் சொன்னார்: "பூமணி அக்காவின்ரை பெட்டைதானாம் அலாரம் அடிக்க வைச்சது. பஸ்ஸிலை ஒராள் சொன்னது. அந்தக் கிழவனின்ரை கை முறிஞ்சதாம். நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

சாருகா தலையை நிமிர்த்தவில்லை. "டிலக்சி தான் இல்லையெண்டு சொல்லுறா, அப்பா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"அம்மா, நீங்கள் அங்கை நிண்டனீங்கள்தானே?"

சோறு போடவா என்று கேட்டேன்.

மார்ச் 8, சனி

ட்வெய்ட்டாவில் தமிழ்க்கடைக்குப் போனேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பூமணி அக்கா என்னைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டுக் கையைப் பிடித்தா.

"உதயகுமாரி, உன்ரை முகத்தைப் பாக்கவே எனக்கு வெக்கமாக் கிடக்கு. நீ சொல்லி எடுத்துவிட்ட வேலை. உன்ரை பேரையும் எல்லோ கெடுத்துப்போட்டாள்."

"அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா..."

"இல்லையம்மா. தான் இல்லையெண்டு சத்தியம் பண்ணுறாள். கையிலை சாமானோட பிடிபட்டவளை எப்பிடி நம்புறது? நான் அவளோட கதைக்கிறேல்லை. சாப்பாட்டை மேசையிலை வைச்சுட்டுப் போய்ப் படுத்திடுவன். இரவிலை அறைக்குள்ளை அழுறாள். நான் போகேல்லை."

என்னிடம் மன்னிப்புக் கேட்டா. என்னட்டை!

நான் என்ன செய்தனான்? தோளைத் தடவிக்கொடுத்து, "யோசிக்காதேங்கோ, சின்னப்பிள்ளைதானே" எண்டு சொன்னனான். அந்தக் கை இன்னும் எனக்கு ஊத்தையாத்தான் கிடக்கு.

மார்ச் 9, ஞாயிறு

இவர் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். சொல்லச் சொற்கள் வராது என்று தெரியும். அதனால் முதலில் சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"இது ஆற்றை?"

"என்ரை."

சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சுவீடனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பெந்தெயிடம் சொன்ன அந்த ஒரு வசனத்தையும். சாமானை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னைப் பல்கணியிலை விட்டுக் கதவைப் பூட்டினனீ," என்றார்.

"ஓம்."

"அதை விடு. இதை நீ குடிச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன், எனக்கு அந்தப் பழக்கம் தெரியும். அந்தப் பிள்ளையின்ரை பேரை எப்பிடி உதயா உனக்குச் சொல்ல வந்தது?"

சாமானை என் முன்னால் திருப்பி வைத்தார்.

"நாளைக்குப் போய்ச் சொல்லு. நீ சொல்லாட்டி நான் பூமணி அக்காட்டை நேரை போவன்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் மாதிரிச் சொன்னார். அதுக்கு ஏசியிருக்கலாம்.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். பெந்தெ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவள் இந்தக் கதிரையில் இருந்து அழுதாள்," என்றாள். "நீ அடுத்த அறையில் இருந்தாய்."

"ஓம்."

"அலாரம் விபத்து. அதுக்கு நான் உன்னோடு கோபிக்க மாட்டேன். மற்றதுக்கு..."

எழுத்தில் எச்சரிக்கை வரும். ஆர்னெயின் மகளுக்கும் அறிவிப்பார்கள். டிலக்சியிடம் தானே மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாள். வேலையைப் பறிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். பறிக்கவில்லை. நாளைக்கும் அதே கதவால் நுழையவேணும்.

மார்ச் 11

பூமணி அக்கா வீட்டுக்குப் போனேன். இவர் வரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அக்கா சந்தோசமாக வா என்று கூப்பிட்டா. தேத்தண்ணி போடப் போனவவை இருக்கச் சொன்னேன். நின்றபடியே கேட்டா. நான் சொல்லி முடிய, என்னை ஏசவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னா:

"நான் அவளுக்கு அடிச்சனான். இருபத்தொரு வயசுப் பிள்ளைக்கு."

டிலக்சி தன் அறை வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தாயைப் பார்த்து, "நான் சொன்னனான் தானே, அம்மா," என்றாள். மெல்லமாகத்தான் சொன்னாள்.

நான் அவளிடம் திரும்பி, "மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன்.

"அண்டைக்கு எனக்குப் புத்தி சொன்னனீங்கள். நான் அதைக் கேட்டு விட்டிட்டன். அதுக்குப் பிறகு நான் தொடவே இல்லை," என்றாள்.

பூமணி அக்கா கதவு வரைக்கும் வரவில்லை. நானே திறந்துகொண்டு வந்தேன்.

மார்ச் 23

விருந்துக்கு ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. சாருகாவிடம் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் ஆரும் ஏதும் சொன்னார்களா என்று. "கேட்டவை. ஓம், என்ரை அம்மாதான் எண்டு சொன்னனான்," என்றாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 6

பெந்தெ டிலக்சியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். சிறுவர் பாடசாலை ஒன்றில் வேலை எடுத்துவிட்டாளாம். சாருகா சொன்னது.

ஏப்ரல் 21

விடப் பார்க்கிறேன். பார்மசியில் நிக்கொட்டின் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். காலையில் பரவாயில்லை. பின்னேரம் தோற்றுவிடுகிறேன். அந்தச் சாமான் உடையவும் இல்லை, கெடவும் இல்லை. ஒருநாள் பல்கணியில் நிற்க, இவர் வந்து என் தோளில் ஜாக்கெற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கதவைப் பூட்டவில்லை.

மே 10, சனி

ஹவுகன்ஸ்டுவா ரயில் மேடையின் கடைசியில் நின்று இழுத்துக்கொண்டிருந்தேன். படியால் பூமணி அக்காவும் டிலக்சியும் இறங்கி வந்தார்கள். அக்கா மகளின் ஜாக்கெற் கழுத்தைச் சரிசெய்யக் கையை நீட்ட, அவள் தட்டிவிட்டாள். இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

அப்போதுதான் என்னைக் கண்டார்கள். முந்தியென்றால் கை தானாகப் பைக்குள் போயிருக்கும். இன்று ஒளிக்கவில்லை. அக்கா என் கையைப் பார்த்தா, பிறகு தண்டவாளத்தைப் பார்த்தா. டிலக்சி தலையை ஒருக்கா லேசாக ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ரயில் வந்தது. அவர்கள் ஏறினார்கள். நான் அடுத்ததில் போனேன்.