கல்லொட்டி உதிர்ந்த ஓடை

மே 4, 2025

எம்.ஜி.ஆர். செத்த மார்கழி போய் அடுத்த வைகாசி. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் ஓடையில் கல்லொட்டி ஒழிந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று கடைக்காரர் காட்டிக்கொடுத்தார்.

மீன் ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் காலேஜ் பெண் சுஜாதா கேட்டாள்: "ஏனுங்க தாத்தா, பக்கத்து ஓடையில இருக்குது, இங்க மட்டும் ஏனுங்க இல்ல?"

கல்லொட்டி என்பது விரல் நீளக் கெளுத்தி மீன். நெஞ்சால் பாறையைப் பிடித்தால் வெள்ளத்திலும் நிற்கும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மே 5

காரைக்காயை இடித்து மடுவில் கலக்கினால் மீன் மயங்கும், அப்புறம் தெளிந்துவிடும். கீழே மாடு குடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் கீழே யாருக்கும் சொல்கிற வழக்கமில்லை.

அந்த வருஷம் காய் இல்லை. எஸ்டேட்டில் மருந்து அடிக்கும் கிறிஸ்துதாஸிடம் மருந்து வைக்கும் கொட்டடிச் சாவி கேட்டேன். செடிக்கு என்று நினைத்துக் கொடுத்தான். ஒரு டப்பா எடுத்தேன்.

கூட வந்த அங்கப்பன், "கீழ சொல்லோணுமாடா?" என்றான்.

"காய்க்கு என்னைக்குடா சொன்னோம்?"

சிரித்தோம். டப்பாவை மடுவில் கவிழ்த்தோம். கல்லொட்டி முதலில் பிடியை விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாய் உதிர்ந்தது.

கீழே கண்ணாயி குடத்தில் மொண்டுகொண்டு போயிருக்கிறாள். அவள் மகனுக்கு மூன்று வயது. பொழுது சாய்வதற்குள் செத்தான்.

மே 6

சாவி வைத்திருந்தவன் என்று கிறிஸ்துதாஸை மரத்தில் கட்டினார்கள். முதல் அடி நான் அடித்தேன்.

"செங்கோடண்ணா, நீங்கதானுங்களே சாவி வாங்கிட்டுப் போனீங்க."

வாயிலேயே அடித்தேன். அவன் கீழேயிருந்து வந்த குடும்பம், நான் இந்த மலைக்காரன். யார் நம்புவார்கள்? அங்கப்பன் பக்கத்தில்தான் நின்றான்.

அந்த வாரமே கிறிஸ்துதாஸ் அடிவாரம் இறங்கினான். அங்கேயே செத்தானாம்.

மே 9

கண்ணாயி களி கொண்டுவந்தாள். என் பெண்டாட்டி போனதிலிருந்து அவள் ஊட்டுச் சோறுதான்.

"எம் பையனுக்காக மொத அடி அடிச்ச கைங்ணா இது. பசியில கெடக்க உட்ருவனா?"

தின்றேன். நன்றாக இருந்தது.

மே 12

சுஜாதா வந்தாள். கண்ணாயியும் இருந்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். கிறிஸ்துதாஸ் என்றேன்.

"எழுதிக்கட்டுங்களா தாத்தா?"

"நல்லாப் பெருசா எழுது கண்ணு," என்றாள் கண்ணாயி.

மழைக்குப் பிறகு பக்கத்து ஓடையிலிருந்து கல்லொட்டி கொண்டுவந்து விடுவார்களாம். விடட்டும்.

அங்கப்பன் போன தையில் போய்விட்டான். போனில் பேசியதை அழிக்கத் தெரியவில்லை. இருந்தால் என்ன? கேட்க வேண்டியவர்களில் எழுத்து தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. உயிரோடு இருப்பதே ஒருத்தி. கண்ணாயி.