மிஞ்சிய மூன்று ஸ்க்ரூ

மே 20, செவ்வாய்
பேத்தி தேசியின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே மதர்போர்டு என்று ஒன்றாம், அது கருகிப்போச்சாம். அவள் வரைந்த நடைபாலம் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள்தான். திங்கள் மதியத்துக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர்! எங்கள் ரூஸே ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 22
மாப்பிள்ளை போகொமில், தேசியின் அப்பா, புது போர்டு வாங்கி வந்தார். தானே மாற்றுவாராம். கழற்றின ஸ்க்ரூக்களை மிளகாய் விழுது ஜாடி மூடியில் வாங்கி வைத்தேன்.
“அத்தே, தொலைச்சிடாதீங்க.”
“முப்பத்தோரு வருஷம் சட்டை ஆலையில பொத்தான் தைச்சவகிட்டயா சொல்றீங்க?”
ஒன்பது ஸ்க்ரூ. எண்ணினேன்.
மாட்டி முடித்து சுவிட்சை அமுக்கினார். காற்றாடி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி அமுக்கினால் மறுபடி அதே துள்ளல்.

மே 23
மெமரிக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரின் பவர் பெட்டியை இரவல் வாங்கிப் போட்டார். ஊஹும்.
உள்ளே இருக்கிற டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போடக்கூடாதா என்றேன்.
“படம் வந்துடும் பாட்டி. வரையுற ப்ரோக்ராம் இதுல மட்டும்தானே இருக்கு. இன்னும் நாலு தாள் பாக்கி.”
பாலாடைக்கட்டி வைத்து பானிட்சா சுட்டேன். தொடவில்லை அவள்.

மே 24
எழுத்துத் திருநாள், எங்கள் மொழியின் எழுத்துகளைக் கொண்டாடும் நாள். ஊர்வலம் போகிறது, ஜன்னல் வழியே மேளம் கேட்கிறது. ரிப்பேர் கடை திங்கள்தான் திறக்கும். வருஷா வருஷம் பள்ளிக்கூட வாசலுக்குப் பூ கொண்டுபோவேன். படித்தது ஐந்து வகுப்புதான் என்றாலும் அது என் பள்ளிக்கூடம். இன்று போகவில்லை. பூ வாளியிலேயே இருக்கிறது.
தேசி குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கேட்காதாக்கும்!
“போர்டு செத்துதான் வந்திருக்கு அத்தே” என்கிறார் மாப்பிள்ளை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
ஜாடி மூடியில் மூன்று ஸ்க்ரூ கிடக்கிறது. ஏன்?

மே 25, ஞாயிறு
விடிந்ததும் கேட்டேன்.
“புது போர்டு சின்னது அத்தே. ஆறு ஓட்டைதான். மூணு மிச்சம், அவ்வளவுதான்.”
மிச்சமா? ஆலையில் ஒரு பொத்தான் மிஞ்சினால் சட்டையைத் திருப்பி அனுப்புவாள் மேஸ்திரி.
“சரி மாப்பிள்ளை, இந்த மூணும் முன்னாடி எதுல முறுக்கியிருந்தது?”
“பெட்டியில குட்டிப் பித்தளைக் கால் இருக்கும், அதுல.”
“ஒன்பது காலும் அங்கேயேதான் நிக்குதா?”
டார்ச் அடித்தோம். சின்ன போர்டுக்கு வெளியே இரண்டு கால் சும்மா நின்றன. மூன்றாவது?
மாப்பிள்ளை போர்டைத் தூக்கினார். அடியில், ஓட்டையே இல்லாத இடத்தில், போர்டின் முதுகில் குத்திக்கொண்டு நின்றது அந்தக் கால்.
“அங்க தொட்டதால கரண்டு தப்பு வழில பாய்ஞ்சிருக்கு” என்றாள் தேசி. “போர்டு கருகாம இருந்தா சரி...”
அந்த மூன்று காலையும் கழற்றினார். போர்டைத் திரும்ப மாட்டினார். என்னைப் பார்த்தார். “நீங்களே அமுக்குங்க அத்தே.”
துள்ளியது. நிற்கவில்லை! திரையில் வெளிச்சம். தேசி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மாப்பிள்ளை சமையலறைக்குப் போய் ஆறிப்போன பானிட்சாவை நின்றபடியே தின்றார்.
வாடின பூவை அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன்.

மே 26
பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டாள்.

ஜூன் 19
தேசியின் பாலத்துக்கு ஆறுக்கு ஆறு மதிப்பெண்!
சாயங்காலம் மாப்பிள்ளை போனில் யாரிடமோ: “ஸ்டார்ட் ஆகலையா? இரு, எதையும் தொடாதே. எங்க அத்தையைக் கூட்டிட்டு வர்றேன்.”
என் மூக்குக்கண்ணாடி எங்கே போச்சு? ஜாடி மூடி இருக்கிறது, எடுத்துக்கொண்டேன்.