பாலில் கறுத்த தோடு

புதுக்கோட்டை,
14-3-1957.

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, செவந்தியின் தோட்டுப் பெட்டியைச் சாமி அலமாரியிலிருந்து எடுத்துக் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் கொண்டுபோய் வைத்ததுதான். பல்கூடத் துலக்கவில்லை. அலமாரியின் காலிலிருந்து பெட்டி வரைக்கும் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் இடது காதுத் தோட்டின் முகப்பே தெரியவில்லை. கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவிலிருந்து எறும்புகள் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன. புளித்த பாலின் நாற்றம். பிறகு மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவியும் இந்தக் காகிதத்திலும் அதே நாற்றம் அடிப்பதுபோல் இருக்கிறது. கொழும்பு வரைக்கும் வராது என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நீங்கள் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி. முழங்கால் வலிக்கு அந்த வைத்தியர் கொடுத்த தைலத்தை விடாமல் தேய்த்து வாருங்கள். நம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்குகிறது. தேர்தல் சத்தம் இரண்டு நாளாகத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மற்றபடி, நீங்கள் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

"அக்கா எழுதியிருக்கிறாள். கல் கறுத்துவிட்டதாம். அவள் மனம் கோணாமல் அவள் கேட்கிறபடி செய்துவிடு. நான் இங்கிருந்து வேறு கல் அனுப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கறுத்தது என்று நீங்கள் கேட்கவில்லை. செவந்தி எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பஸ்ஸில் அரிமளத்திலிருந்து சோலையப்பன் வந்தார். செவந்தி வாழப்போன உங்கள் அக்கா வீட்டில் மாடு கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறாரே, அவர்தான். மடியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் நின்றுகொண்டே சொன்னார்.

"ஆத்தா சொல்லிவிட்டாங்க. காதுகுத்து விருந்துல நாலு சனம் பாத்து, என்னா ஒரு காது மின்னுது ஒரு காது மங்கிக் கெடக்குன்னு கேட்ருச்சாம். அதனால பால்ல போட்டுப் பாத்தாங்களாம். ஒண்ணு செவந்துச்சு, ஒண்ணு கறுத்துப்போச்சு. புருசன் மேல நெனப்பு இல்லாத பொம்பளை காதுலதான் கல்லு இப்பிடிக் கறுக்குமாம். ஒங்க மாப்பிள்ளைக்கு ஆயுசு கொறையும்னு பயப்படுறாங்க. இதை எடுத்துக்கிட்டு வைரத்தோடா போட்டு விடச் சொன்னாங்க."

இத்தனையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "எனக்கென்ன தெரியும் டீச்சரம்மா, நான் மாட்டைப் பாக்குறவன்" என்று உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். சோதித்துப் பார்த்த பாலை என்ன செய்தார்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"செவந்த பாலைச் சாமிக்கு வச்சாங்க. கறுத்ததைக் கன்னுக்குட்டிக்கு ஊத்தச் சொன்னாங்க. அது மோந்து பாத்துட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிருச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மோர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பறம் தோசம் கழியட்டும்னு செவந்தியம்மாவையே குடிக்கச் சொல்லிட்டாங்க. நாலு பேரு முன்னாடி. அதும் குடிச்சிருச்சுங்க."

கன்றுக்குட்டி குடிக்காத பாலை நம் மகள் குடித்தாள்.

அத்தான், அந்தப் பால் சாஸ்திரம் எங்கிருந்து அரிமளம் போயிற்று என்று நினைத்துப் பார்த்தீர்களா? இரத்தினபுரியிலிருந்து அந்தக் கற்களை அனுப்பியபோது நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்திலிருந்துதான். குழியில் இறங்கிக் கூடையால் சேற்றை அரித்து அந்தக் கற்களை எடுப்பதை நேரில் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நல்ல சிவப்புக் கல்லைப் பாலில் போட்டால் பாலே சிவந்து தெரியும் என்று வியாபாரி சொன்னதையும், கல் தானாக மங்கினால் அணிந்திருப்பவருக்கு ஆபத்து வருகிறது என்று அந்த ஊரில் நம்புவதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அக்கா அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நானும் கதை கேட்கிற ஆசையில் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன்.

ஆனால் அந்தச் சோதனை கட்டாத வெறும் கல்லுக்கு. நம் தோடு பின்பக்கம் மூடிக் கட்டியது. கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு, அதற்கு அடியில் அரக்கு. ஈரம் உள்ளே போனால் தகடு கறுக்கும். தகடு கறுத்தால் மேலே இருக்கும் கல் இருண்டு தெரியும். அதனால்தான் செவந்தியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது உட்கார வைத்துச் சொன்னேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் கழற்றி வை. வெந்நீர் படக்கூடாது, அரக்கு இளகும். பூந்திக்கொட்டை நுரையை விரல் நுனியில் எடுத்து முகப்பை மட்டும் தடவி, ஈரத்துணியால் ஒற்றி எடு. இரண்டையும் தனித்தனித் துணியில் சுற்றி வை, ஒன்றோடொன்று உரசக்கூடாது. இவ்வளவும் சொன்னேன். தோட்டைப் பற்றித்தான் சொன்னேன். காதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியாது.

நேற்று மாலை தோட்டை அடைக்கலம் ஆசாரியிடம் எடுத்துப்போனேன். கட்டியவர் அவர்தானே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கல்லுல ஒரு கொறையும் இல்லம்மா. உள்ள ஈரம் எறங்கியிருக்கு. அம்புட்டுத்தான்."

எப்படி இறங்கும், ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். இடது தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கயாச்சும் இடிச்சிருக்கும். அம்மியில கிம்மியில" என்றார். காதில் கிடக்கிற தோடு அம்மியில் எப்படி ஆசாரி இடிக்கும் என்றேன்.

"எதுக்கு டீச்சரம்மா அதெல்லாம்? புதுத் தகடு வச்சு, தட்டி நேராக்கித் தாரேன். அடையாளமே தெரியாது. குடும்பம்னா எல்லாந்தான் இருக்கும்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. தோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை எறும்பைத் தட்டிவிட்டு, வெயிலில் வைத்துப் பார்த்தேன். இடது தோட்டின் தண்டு பின்பக்கமாக வளைந்திருக்கிறது. முகப்பு விளிம்பில் ஒரு பள்ளம். உருண்டையாக இல்லை, சதுரக் கல்லின் மூலை பதிந்ததுபோல் இரண்டு பக்கமும் நேராக, நடுவில் கூர்மையாக இருக்கிறது. அந்த இடத்தில் தங்கம் கல்லை விட்டு விலகியிருக்கிறது. ஈரமும் பாலும் எறும்பும் போனது அந்த வழியாகத்தான்.

சதுரக் கல் நம் வீட்டிலிருந்து ஒன்றுதான் போயிருக்கிறது. மாப்பிள்ளைக்கு நீங்கள் கொழும்பில் செய்து எடுத்து வந்த மோதிரம். அளவு தெரியாமல் உத்தேசமாகச் செய்ததில் பெரிதாகிவிட்டது. கல்யாணத்தன்று கல் உள்ளங்கைப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பெண்கள் எல்லாரும் கேலி செய்தார்கள். "நூலைச் சுத்திக்கங்க ரெங்கராஜ்" என்று நான்கூடச் சொன்னேன். "இருக்கட்டும் அத்தை, கல்லு எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். எவ்வளவு இனிமையாகப் பேசுகிற பிள்ளை என்று நீங்கள் பூரித்துப்போனீர்கள்.

வலது கையில் மோதிரம். இடது காதுத் தோட்டில் பள்ளம். எதிரே நின்று அறைந்தால்தான் அப்படிப் படும்.

பொங்கலுக்கு வந்தபோது செவந்தி தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து, முந்தானையால் காதை மூடிக்கொண்டிருந்தாள். இடது காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "தோடு கனமா இருக்கும்மா, காது இழுத்துப் புண்ணாயிருச்சு" என்றாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தார். "சொன்னா எங்க கேக்குறா, கழட்டி வைன்னா" என்று அவரும் சொன்னார். இப்போது அந்தக் குரலை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு மட்டும் தெரிந்து நான் மட்டும் சுமப்பது நியாயம் இல்லை.

திருகாணியில் கல் இல்லையே, அதை நனைத்தால் ஒன்றும் ஆகாது என்று கழற்றிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டேன். திருகு மரைக்குள் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். ஊற ஊறத் தண்ணீர் பழுப்பாகி, பிறகு இலேசாகச் சிவந்தது. வெள்ளைக் கிண்ணம், நன்றாகத் தெரிந்தது. அது அழுக்கு இல்லை அத்தான். நம் மகளின் காதில் கிழிந்த சதையின் இரத்தம். அந்தத் திருகாணியோடுதான் தோட்டைப் பாலில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாலைத்தான் நாலு பேர் முன்னால் அவளைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கிண்ணத்தை உடைத்துப் போட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான் கல்லையும் கிரகத்தையும் நம்புகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் படித்த திமிர் என்று உங்கள் அக்கா சொல்வார், இருக்கட்டும். ஆனால் நீங்கள் எழுதியபடியே வைத்துக்கொள்வோம். கல் மங்கினால் அணிந்திருப்பவருக்கு ஆபத்து. தோட்டை அணிந்திருந்தது ரெங்கராஜ் இல்லையே, செவந்தி அல்லவா? அந்த வீட்டில் அத்தனை பேர் கூடிப் பாலைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அவருடைய ஆயுசுதான் அதில் தெரிந்திருக்கிறது. இங்கே ஆசாரி அடையாளம் தெரியாமல் தட்டித் தருகிறேன் என்கிறார். அங்கே நீங்கள் வேறு கல் அனுப்புகிறேன் என்கிறீர்கள். யார்மீது அதிகமாக அருவருப்புப் படுவது என்று தெரியாமல் காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் அக்காமீது எனக்கு ஏற்கெனவே மனக்கசப்பு என்று நினைப்பீர்கள். தகப்பன் இல்லாத வீட்டில் உங்களை வளர்த்து ஆளாக்கியவர் என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அந்த நன்றிக்காகத்தான் செவந்தியை அங்கே கொடுத்தோம். நன்றிக்கடன் நீங்கள் பட்டது. அதை அவள் காதால் தீர்க்க முடியாது.

ஆகவே புதுக் கல் அனுப்ப வேண்டாம். வைரமும் வேண்டாம். இந்தத் தோட்டைப் பழுது பார்க்கவும் போவதில்லை. எறும்பை மட்டும் விரட்டி, பள்ளம் பள்ளமாகவே இருக்கும்படி துணியில் சுற்றி என் பெட்டியில் பூட்டியிருக்கிறேன். யாராவது பின்னால் வந்து ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால், எடுத்துக் காட்ட அது ஒன்றாவது இருக்கட்டும்.

இனி எழுதப்போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியையிடம் இன்றைக்கும் நாளைக்கும் லீவு கேட்டு எழுதியிருக்கிறேன், காரணம் எழுதவில்லை. செவந்திக்கும் தெரியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அரிமளம் போகிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டோம் என்று உங்கள் அக்கா சொல்வார். அவர் அனுப்ப வேண்டாம். நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சமாதானம் பேச யார் வந்தாலும் திரும்ப அனுப்புவதாக இல்லை. நீங்கள் எழுதினாலும் இல்லை. பத்து வரைக்கும் படித்தவள்; ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்க்கப்போகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அவள் இங்கே என் பக்கத்தில் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள்.

வெயில் காலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டல் சாப்பாட்டைக் குறையுங்கள். லீவு கிடைத்தால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் திருமயத்தில் இறங்கி அரிமளம் போய் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த ஒரு முறை மட்டும் ரயிலில் உட்கார்ந்தே இருங்கள். புதுக்கோட்டையில் இறங்குங்கள். நேரே வந்து அவள் காதைப் பாருங்கள்.

தங்கள்,
பிரகதம்.