மச்சான் அளவு சைக்கிள்

1934, ஜனவரி 18
சாந்தகுமார் சைக்கிளில் போவதை இன்று பின்னாலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் சரிகிறது. சீட்டை அடிவரை இறக்கியாகிவிட்டது. அப்படியும் பெடல் கீழே போகும்போது கால்விரல்தான் எட்டுகிறது.

தங்கை ஜெபராணியின் கல்யாணத்துக்கு அவருக்கு நாங்கள் கொடுத்த சைக்கிள். பட்டணத்தில் படித்தபோது வாங்கி அனுப்பியவன் நான்.

ஜனவரி 19
அன்று கடையில் இரண்டு அளவு இருந்தன. சிறியதுதான் மாப்பிள்ளைக்குச் சரி. தெரியும். பெரியதில் நான் ஏறிப் பார்த்தேன். படிப்பு முடிந்து ஆம்பூர் திரும்பினால் எனக்கும் ஆகும் — அவ்வளவுதான் நினைத்தேன். அம்மாவுக்குப் பெருமை. மாப்பிள்ளைக்கு நாம் கம்மியாகவா செய்வோம் என்று தெருவெல்லாம் சொன்னாள்.

பிப்ரவரி 4
அவருக்கு முழங்காலின் பின்புறம் வலி. அப்துல் ஹமீத் சாகிபின் தோல் மண்டிக்காக ஊர் ஊராகப் போய்ப் பச்சைத்தோல் பார்த்து விலை பேசும் வேலை. மிதிக்க முடியாவிட்டால் வேலை இல்லை. ஜெபராணி தோல் துண்டுகளை அடுக்கித் தைத்துப் பெடலில் கட்டினாள். கால் எட்டியது. வலி குறைந்ததாம்.

பிப்ரவரி 9
மண்டியில் கூட வேலை செய்யும் சம்பத் கேட்டானாம்: "இன்னா மாப்ளே, மாமியார் வூட்டு சைக்கிளுக்குச் செருப்பு தச்சிப் போட்டியா?" மண்டியே சிரித்ததாம். அம்மா காதுக்கும் வந்தது. நாம் கொடுத்ததில் குறை சொல்கிறாரா என்று அழுதாள். சாந்தகுமார் தோலை அவிழ்த்துப் போட்டார்.

அளவு பார்த்தது என் காலுக்கு. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 2
அணைக்கட்டுச் சாலையில் எதிரே மாட்டுவண்டி. சாந்தகுமார் நிறுத்தியிருக்கிறார். கால் தரைக்கு எட்டவில்லை. சாய்ந்து விழுந்ததில் வலது முழங்கால் திருகிச் சைக்கிளுக்கு அடியில் — உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, இனி சைக்கிள் கூடாது என்கிறார் டாக்டர்.

மார்ச் 3
ஜெபராணியிடம் சொல்லிவிட்டேன். கஞ்சியைக் கிண்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு, இது மச்சான் அளவுன்னு."

அவர் ஏன் என்னிடம் கேட்கவில்லை?

"நீ சங்கடப்படுவியாம்."

மார்ச் 11
சாகிப் வேறு ஆள் பார்க்கிறாராம். சாந்தகுமார் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். "என் வேலைக்கு நீங்க போங்க மச்சான். தோல் பாக்க நான் சொல்லித் தர்றேன். சைக்கிள் உங்களுக்கு ஆவும்." குத்தலா? முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம்.

மார்ச் 19
முதல் நாள். அணைக்கட்டு வரை போய்வந்தேன். சம்பளம் ஜெபராணி கைக்கே போகட்டும் என்று சாகிபிடம் சொல்லியாயிற்று. காலையில் சீட்டை என் உயரத்துக்கு ஏற்றினேன். கால் முழுதாக நீள்கிறது. இடுப்பு அசையவே இல்லை. இவ்வளவு தூரம் மிதித்தும் உடம்பில் எங்கும் ஒரு வலி இல்லை.