மல்லிகாவின் முதல் வருஷ மார்க் லிஸ்ட்

மதினி,

மல்லிகாவின் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வந்திருக்கிறது. நகல் எடுக்கக் கொச்சங்காடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார சேட்டன் மெஷினுக்குள் யாருடைய அட்டையையோ விட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் சூடாகும் வாடை. "அம்மச்சி, இதும் லாமினேட் செய்யட்டே?" என்று கை நீட்டினார். சான்றிதழை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி மகளின் மார்க் லிஸ்டுக்குப் பிளாஸ்டிக் போட்டது நீங்கள்தான். தொண்ணூற்றெட்டில், கர்க்கடக மழையில், நம்ம ஆடி மாசம், நம் முனிசிப்பல் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகியது. "ஏளா, நம்ம குடும்பத்துல முதல் காலேஜ் காயிதம், நனைய விடலாமா?" என்று என்னிடம் கேட்காமலே எடுத்துப் போனீர்கள்.

தமிழ்நாட்டு யூனிவர்சிட்டி ஒன்றில் தபால் வழியாக மல்லிகா முதல் வருஷ பி.காம். ஆறு பேப்பரும் எழுதி ஜெயித்திருந்தாள். அப்போதுதான் இங்கே ஒரு காலேஜில் நேராக இரண்டாம் வருஷம் சேர்க்கிறோம் என்றார்கள். தபாலில் எழுதினதை இங்கத்த யூனிவர்சிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முதலிலிருந்து படிக்க வேண்டும். "படிச்சவரை போதும், கட்டிக் கொடு" என்று உங்கள் தம்பி காத்திருந்தார். ஒரு வருஷம் போனால் அவள் படிப்பே போச்சு.

மல்லிகா டியூஷன் எடுக்கப் போயிருந்ததால் நான்தான் படகும் பஸ்ஸும் பிடித்து இங்கத்த யூனிவர்சிட்டி ஆபீசுக்குப் போனேன். கிளார்க் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அசலின் பின்னால சீல் அடிக்கணும். பிளாஸ்டிக்கில் மை பிடிக்காது. சாரிடம் கேட்டு நாளைக்குப் பறயாம். அதுவரை தொட வேண்டா" என்றார்.

தொட்டேன். வீட்டுக்கு வந்ததும் கத்தியை அடுப்பில் காட்டி ஓரத்தில் விட்டு இழுத்தேன். கையெழுத்தும் முத்திரையும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டன. மல்லிகா வந்து கேட்டாள். "ஆபீசில் உரிச்சாங்க, கிழிஞ்சிட்டு. எல்லாம் உன் அத்தை பண்ணின வேலை" என்றேன். நீங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு ரயிலேறினீர்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டூப்ளிகேட் மார்க் லிஸ்ட் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான் கை நீட்டினேன். நீங்கள் தரவில்லை.

"அது அவ கையிலேயே இருக்கட்டும். பழைய காயிதத்துல கரி இருந்துச்சு, ஏளா. ஆபீசுல ஏது அடுப்பு?"

மெதுவாகத்தான் சொன்னீர்கள். மல்லிகா உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து உங்களோடு நான் பேசவில்லை. பிளாஸ்டிக் போட்ட கோபம் என்று குவார்ட்டர்ஸே நினைத்தது. அதில்லை. கண்டுபிடித்தும் சத்தம் போடாமல் விட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் வைதிருந்தால் நானும் வைதிருப்பேன், ஒரு வாரத்தில் குழம்பு கொடுத்து வாங்கியிருப்போம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், பேசாமல் ஒன்பது வருஷம். போன சித்திரையில் உங்களைப் பாடையில் தூக்கியபோதும் வாய்விட்டு அழாமல் நின்றேன்.

ஐந்து பேப்பரை ஒப்புக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதினாள். இப்போது ஏலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். கடையிலிருந்து வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். "அத்தை மேல தப்பில்லை. நான்தான் கிழிச்சேன்."

பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரயில்லயே தெரியும்மா. அத்தை காயிதத்தை மோந்து பாத்துட்டு சிரிச்சாங்க. உங்கம்மாகிட்ட கேக்காதே, பாவம், ஒடஞ்சு போயிருவான்னு சத்தியம் வாங்கினாங்க."

அத்தையும் மருமகளும் சேர்ந்து இத்தனை வருஷம் என்னைப் பாவம் பார்த்திருக்கிறீர்கள். பழைய கோபம் தீர்ந்தது, மதினி. இது புதுசு. இதை நான் விடுவதாக இல்லை.