ஹைட்ராலிக் எண்ணெயும் என் ஆள்காட்டி விரலும்

மச்சான்,

இன்று காலை கொட்டகையில் அறுப்பு மிஷினின் ஹைட்ராலிக் டேங்க் மூடியைத் திறந்தேன். கருகின வாடை வந்தது. அடிப்பிடித்த பாயசத்தை மூடி வைத்து மறுநாள் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அதே வாடை. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் கஷாயமாகக் கிடக்கிறது. சம்பா அறுப்பு முழுக்க ஓய்வில்லாமல் ஓட்டியாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த வாடையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். ஒரு சொட்டை விரலில் எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்களே, அப்படியே.

"இவரு என்ன, வத்தக்குழம்புக்கு உப்பு பாக்குறாரா?" என்று உங்கள் தங்கையிடம் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். என் மனைவியாக இருந்தும் அவள் ஒருநாளும் என் பக்கம் பேசியதில்லை. அண்ணனாயிற்றே.

நாம் இருவரும் சேர்ந்து அந்த மிஷினை வாங்கினோம். எல்லாவற்றிலும் சரிபாதி என்று பேச்சு. பொறுமையை மட்டும் நீங்களே முழுசாக எடுத்துக்கொண்டீர்கள். துறைமுகத்தில் வருஷக்கணக்காகக் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் நீங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் டிராக்டர். சாவி போட்டால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் திட்ட வேண்டும், அவ்வளவுதான் என் மெக்கானிசம். நீங்களோ விடிந்ததும் மிஷினை மேடுபள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, மூடியைச் சுற்றிப் பழைய வேட்டித் துண்டால் துடைத்துவிட்டுத்தான் திறப்பீர்கள். "ஒரு பதர் உள்ள விழுந்தா போதும் மாப்ள, வால்வு அடைச்சிக்கும்." குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெயிலில் பிடித்துப் பார்ப்பீர்கள். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் நான் டீயைக் குடித்து முடித்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். ஹாரனுக்கெல்லாம் நீங்கள் அசைந்ததே இல்லை.

முதல் வருஷம் நான் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? குரும்பகரத்து வயல் சேறு அப்பிக் கிடந்ததென்று, முன்பக்கம் கதிர் அறுக்கும் கட்டரை மேலே தூக்கி நிறுத்திக் கழுவினேன். கழுவின சூட்டோடு எண்ணெயையும் பார்த்துவிடுவோம் என்று பார்த்தால், குச்சியில் அடிக்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. இவர் பெரிய எண்ணெய் நிபுணர், இதைக் கோட்டைவிட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு டப்பாவைத் திறந்து மேல்கோடு வரை ஊற்றினேன். பிறகு இன்ஜினைப் போட்டுக் கட்டரை இறக்கியதும், டேங்க் நிரம்பி மூச்சுக்குழல் வழியாக எண்ணெய் பொங்கி, கொட்டகைத் தரை முழுக்க ஓடியது. வாசலில் நின்று பார்த்த நீங்கள், சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"தூக்கி வச்சிருந்தா எண்ணெய் சிலிண்டருக்குள்ள போயி நிக்கும் மாப்ள. இறக்கி வச்சுட்டுப் பாருங்க."

அதோடு விட்டீர்களா? நம் வீட்டு வளைகாப்புப் பந்தியில், சாம்பார் வாளியைத் தூக்கிப் பிடித்து, சாம்பார் குறைந்துவிட்டது என்று நான் பதறியபோது, இலையிலிருந்து தலை நிமிராமல் அதே வார்த்தையைச் சொன்னீர்கள். பந்தியே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, உங்களைப் பார்த்ததும் போய்விட்டது.

கசிவு பார்ப்பதற்கென்று சீட்டுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு வைத்திருந்தீர்கள். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் பீய்ச்சி அடிக்கும், கையால் தடவக் கூடாது, அட்டையைக் காட்டினால் அதில் நனையும். துறைமுகத்தில் உங்களோடு வேலை பார்த்தவர் கையால் தடவி, சின்னக் குத்துதானே என்று மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு படுத்து, கடைசியில் இரண்டு விரலை இழந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? காது புளித்துப்போகும் அளவுக்குச் சொன்னீர்கள். காது புளித்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

அது தை மாதக் கடைசிச் சனிக்கிழமை. ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் சொந்த வயலில் அறுத்தது போக இன்னும் இரண்டு மா நிலம் கதிரோடு நின்றது. அது முன்பே முடிந்திருக்க வேண்டிய அறுப்பு. பிரான்சில் குடியேறி லீவில் வந்திருந்த நம்மூர்க் குடும்பத்துக்கு, அவர்கள் திரும்பிப் போகும் முன் அறுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று, அவர்கள் நிலத்தை முதலில் முடித்துவிட்டு உங்கள் நிலத்தைக் கடைசியில் வைத்தீர்கள். அறுத்துக்கொண்டிருக்கும்போதே தூக்கின கட்டர் தானாக இறங்க ஆரம்பித்தது, ஹோஸில் எங்கோ கசிவு. நீங்கள் வரப்பில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தீர்கள். அட்டையைத் தேட எனக்கு ஏது பொறுமை? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸை மேலிருந்து கீழாகத் தடவினேன். ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை. நான் விரலைச் சட்டையில் துடைத்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

ஓடி வந்து இன்ஜினை நிறுத்தினீர்கள். என் விரலைப் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"கிளம்புங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. எண்ணெய் உள்ள போயிருக்கு."

"முள்ளு குத்துன மாதிரி இருக்கு, இதுக்குப் போயி! வானத்தப் பாருங்க மச்சான். கொட்டகைல புது ஹோஸ் கிடக்கு. மாத்துனா ரெண்டு மணி நேரத்துல அறுத்துடலாம். அப்புறமா போவோம்."

"அப்புறம்னு ஒண்ணு கிடையாது."

"சரி, யாரையாச்சும் கூட அனுப்புங்க. நீங்க இருந்து அறுங்க."

"யாரு வந்தாலும் முள்ளுக் குத்துன்னு சொல்லி ஊசி போட்டுக்கிட்டு வந்துடுவீங்க. உங்கள எனக்குத் தெரியும். ஏறுங்க வண்டியில."

ஏறினேன். காரைக்கால் போகும்வரை உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். நீங்கள் பைக்கை விரட்டுவதிலேயே இருந்தீர்கள். உங்கள் வயிற்றுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் எண்ணெய் டப்பா இருந்தது. எந்த எண்ணெய் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று கையோடு எடுத்து வந்திருக்கிறீர்கள். அந்த டப்பாவைப் பார்த்ததும் டாக்டர் எழுந்தேவிட்டார். யாருக்கோ போன் பேசினார். உடனே தஞ்சாவூர் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அதற்குள் என் விரல் வீங்கி, முழங்கை வரை வலி தெறிக்க ஆரம்பித்திருந்தது. நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை, திருநள்ளாற்றில் கேட்க வேண்டுமா? வெளியூர்ப் பஸ்களும் வேன்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. சைரன் அலறுகிறது, வண்டி நகரவில்லை. நீங்கள் கதவைத் திறந்து குதித்தீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் பஸ்ஸாகத் தட்டி, டிரைவர்களைக் கும்பிட்டு, திட்டி, ஒதுக்கிக்கொண்டே முன்னால் நடந்தீர்கள். அப்போதுதான் மழை பிடித்தது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெருமழை. கண்ணாடி வழியாக உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே உங்கள் நெல் சாய்ந்துகொண்டிருக்கும் என்று எனக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் ஒரு தடவைகூட வானத்தைப் பார்க்கவில்லை மச்சான். அடுத்த பஸ்ஸைத்தான் பார்த்தீர்கள்.

நனைந்து ஊறிப்போய் உள்ளே ஏறி, "விரல் மரத்துப் போகுதா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்தது. வலி என்று நினைத்துக்கொண்டீர்கள்.

அன்று மாலையே விரலிலிருந்து உள்ளங்கை வரை கீறிக் கழுவினார்கள். ஒருநாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுத்திருப்போம், அதோடு நின்றிருக்குமா என்பதும் சொல்ல முடியாது என்றார் அறுத்த டாக்டர்.

கட்டோடு ஊர் திரும்பியதும் நேராக உங்கள் வயலுக்குத்தான் வந்தேன். படுத்த கதிர் தண்ணீருக்குள் கிடந்து முளைவிட்டிருந்தது. நீங்கள் ஒரு கதிரை உருவி, வெள்ளை முளைகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, தண்ணீரிலேயே போட்டீர்கள். ஏதாவது சொல்வீர்கள் என்று நின்றேன். சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"கட்டுல தண்ணி படாம பாத்துக்குங்க மாப்ள" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை அறுப்பு பார்த்தோம். சாம்பார் வாளியை ஆயிரம் தடவை பேச்சில் இழுத்தீர்கள், அந்த இரண்டு மா நெல்லை ஒருநாளும் இழுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நன்றி என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேலி செய்துதான் பழக்கம். போன ஐப்பசியில், மார் அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழவில்லை என்று உங்கள் வீட்டிலிருந்து அக்கா போன் செய்தபோதும், வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். தட்டிலிருந்து அள்ள வலது கையை நீட்டினேன். உள்ளங்கை வரை ஓடும் அந்தத் தழும்பு எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அதுவரை அழாமல்தான் நின்றிருந்தேன். ஐந்து விரலும் சேர்த்து அள்ளினேன் மச்சான். ஒரு அரிசிகூடக் கீழே சிந்தவில்லை.