பூட்டி வைத்த காபித்தூள்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆபரேஷன் விஷயத்தில் நமக்குள் பேச்சு முறிந்த பிறகு நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் எனக்குச் சொல்ல வாய் வந்திருக்காது. கூரியரில் போடுகிறேன், நாளை மாலைக்குள் உங்கள் கைக்குக் கிடைத்துவிடும் என்றார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்றோடு ஒன்பது நாள்.

நான்கு மாதத்துக்கு முன்பு, வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு சேர்த்துத் தைக்கிற ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, "நல்லா இருக்கிற வயித்த எதுக்கு வெட்டணும்? அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்றீர்கள். நன்றாக இல்லை அண்ணி. நூற்று நாற்பத்தொரு கிலோ. லிஃப்ட் மெக்கானிக், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கப் போய் ஏணியிலேயே சிக்கிக்கொண்டார். "எட்டு பேர் ஏறலாம்னு போட்டிருக்கும், நான் ஏறினா நாலு பேருதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது உங்களுக்குத் தெரியாது.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. முப்பத்தெட்டு கிலோ குறைந்தார். பழைய சட்டைகளை நானே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுபடியும் குழிக்குள் இறங்கினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது எது சாப்பிடலாம், எது கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் 'காபி கூடாது' என்ற வரிக்குச் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு, பசை தடவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஆறு கப் குடித்த மனிதர். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். காபித்தூளைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீரோ திறந்திருந்த நேரத்தில் டப்பாவை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றார். "குடிக்கல, மோந்துதான் பாக்குறேன்" என்றார். பிடுங்கி வைத்தேன். ஆனால் நான் மட்டும் எதிர்வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவேன். ஒருநாள் அப்படி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், "நல்லா ஸ்ட்ராங்கா போட்டிருக்காங்க போல" என்றார். குரலில் கோபமே இல்லை.

காபியை நிறுத்தியதிலிருந்து அவருக்குத் தலைவலி. ஓரிரு தடவை என்னிடம் சொன்னார். "காபிக்கு அடி போடுறீங்களா?" என்று கேட்டேன். அதோடு சொல்வதை விட்டுவிட்டார். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கி, வேலை செய்கிற இடத்தில் விழுங்கியிருக்கிறார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

போன வாரம் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டார். கூட வேலை செய்கிற, 'ஸ்பேனர்' என்று எல்லாரும் பட்டப்பெயரில் கூப்பிடுகிறவர்தான் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வயிற்றையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண்ணாகி ஓட்டை விழுந்துவிட்டதாம். அன்றைக்கே திறந்து அடைத்தார்கள். ஸ்பேனர் கொடுத்த டூல் பையில் பதினொரு காலி மாத்திரை அட்டைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு சர்ஜன், "இதை வாழ்நாள் பூரா தொடவே கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கோமே, படிக்கலையா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தாளை உரித்தேன். பாதி கிழிந்து கதவோடு நின்றுவிட்டது. பின்பக்கமும் அச்சடித்திருந்தார்கள் அண்ணி. நான் பசை தடவிய பக்கம். மாத்திரையைப் பற்றி அங்கேதான் இருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி. ஆறு வாரம் கழித்து, வயிறு ஒத்துக்கொண்டால், சின்னக் கப்பில் காபி குடிக்கலாமாம்.

ஒரு சின்னக் கப்.

ஓட்டையை அடைத்த பிறகு அவருக்கு நினைவு இருந்த இரண்டு நாளில் இதை அவரிடமே சொன்னேன். என் கையை மெதுவாகத் தட்டினார். "அக்காவுக்குச் சொல்லாத. அவ உன்னைத்தான் பேசுவா" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான். கடைசியாக என்று எழுதியிருக்கக் கூடாது. அதற்கப்புறம் காய்ச்சல் ஏறி, மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு சர்ஜன், "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடுங்கள் அண்ணி. வார்டு வாசலில்தான் இருப்பேன். திட்ட வேண்டும் என்றால் அங்கேயே வைத்துத் திட்டுங்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். என் முறையை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். சின்ன வயதில் அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயரில் இன்னும் கூப்பிடுகிறவர் நீங்கள் ஒருவர்தான். நான் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் தம்பி மனைவி